உப்பிட்ட அரசை உள்ளளவும் நினை

மதுரைக்குப் பக்கத்துக் கீழக்குயில்குடிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ரேஷன் கடையில் அரிசி இலவசம். சீனி கிலோ 25 ரூபாய். பொங்கல் வந்தால் இன்னொரு கிலோ சீனியும் ஒரு முழுக் கரும்பும் பரிசு. சரக்கு வேண்டுமா, அரசாங்கமே கடை நடத்துகிறது. இதையெல்லாம் தின்று, குடித்து, பிரஷரும் சுகரும் வந்துவிட்டால் பயமில்லை. மாத்திரை வீடு தேடி வரும். ஆக, வரவழைப்பதும் அவர்களே, வைத்தியம் பார்ப்பதும் அவர்களே. நாம் செய்ய வேண்டியது வாயைத் திறப்பது மட்டும். அதுவும் விழுங்குவதற்கு. பேசுவதற்கு அல்ல.

ஊருக்குப் பக்கத்தில் சமணர் மலை இருக்கிறது. பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களும், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்களை வட்டெழுத்தில் சொல்லும் கல்வெட்டுகளும் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வெயில் காய்கின்றன. சமணர்கள் வலியுறுத்திய தானங்கள் நான்கு: உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி. அவர்கள் மருந்தைத் தானம் செய்தார்கள். உணவில் நோயைக் கலந்து கொடுத்துவிட்டு மருந்தைத் தானம் செய்யவில்லை. அந்த நுட்பம் நவீன அரசுகளின் கண்டுபிடிப்பு.

முதலில் நோயைப் பார்ப்போம். பிரஷர் தனி, சுகர் தனி என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தனித்தனி மாத்திரை, தனித்தனி அட்டை, வசதியிருந்தால் தனித்தனி டாக்டர், தனித்தனி பீஸ். ஆனால் 1987லேயே இத்தாலியில் ஆராய்ச்சி செய்து காட்டிவிட்டார்கள்: ரத்த அழுத்தம் உள்ளவர்களில் பலருக்கு, உடல் பருமனோ சர்க்கரை நோயோ இல்லாவிட்டாலும்கூட, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. மறு ஆண்டு ஜெரால்ட் ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் இரண்டையும் ஒரே கட்டில் சேர்த்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அதற்கும் முன்பே, 1984இல், லாரன்ஸ் ரெஸ்னிக் என்ற இன்னொருவர் ரத்தச் சிவப்பணுவுக்குள்ளேயே எட்டிப் பார்த்தார். பிரஷர்காரர்களின் செல்லுக்குள் மெக்னீசியம் குறைவு. அது குறையக் குறைய பிரஷர் ஏறுகிறது. வெளியே ரத்தத்தில் அளந்தாலோ எல்லாம் சுபம்.

சுபமாகத்தான் தெரியும். உடம்பில் உள்ள மெக்னீசியத்தில் ரத்தத்தில் மிதப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் எலும்பிலும் செல்லுக்குள்ளும் கிடக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வருவது, கஜானாவைத் திறந்து பார்க்காமல் கல்லாப்பெட்டியை மட்டும் எண்ணிவிட்டு ‘நிதிநிலை சீராக உள்ளது’ என்று அறிக்கை விடுவது மாதிரி. இந்த வித்தை நம் நிதியமைச்சர்களுக்குத் தெரிந்ததுதான். உடம்புக்கும் தெரிந்திருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசைச் செல்லுக்குள் கால்சியம் அதிகமாக நுழைந்தால் தசை இறுகும். குழாய் சுருங்கும். பிரஷர் ஏறும். அந்தக் கால்சியத்தை வாசலில் மறிக்கும் காவல்காரன் மெக்னீசியம். அதே மெக்னீசியம் இல்லாவிட்டால் இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் செல்லுக்குச் சரியாகக் கேட்காது. சர்க்கரை வெளியே நிற்கும். கணையம் இன்னும் இன்சுலினை அனுப்பும். கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்திடம் போய் ‘உப்பை வெளியே விடாதே’ என்று சொல்லும். உப்பு தங்கும், பிரஷர் இன்னும் ஏறும். சர்க்கரை கூடினால் சிறுநீர் கூடும். சிறுநீரோடு மெக்னீசியமும் போகும். வட்டம் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து.

இனி, வீடு தேடி வரும் மாத்திரையைப் பாருங்கள். ஆம்லோடிபின். அது என்ன செய்கிறது? கால்சியம் நுழையும் கதவைச் சாத்துகிறது. மெக்னீசியம் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்த வேலை. அந்த வேலையாளைத் தட்டிலிருந்து துரத்திவிட்டு, அதே வேலைக்கு ஒப்பந்தப் பணியாளரை அட்டை அட்டையாக வாங்கி நியமித்திருக்கிறோம். டெண்டர் உண்டு. விநியோகம் உண்டு. விருதும் உண்டு.

விருதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருது வந்தது. நல்ல திட்டம். பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்க முடியாத கிழவிக்கு மாத்திரை வீட்டுக்கே வருவதைக் கேலி செய்பவன் மனிதன் அல்ல. மாத்திரை வந்ததால் உயிரோடு இருப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதனால், யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தித் தொலைக்காதீர்கள். என் கோபம் மாத்திரை மேல் அல்ல.

கணக்கின் மேல். 2020இல் அரசே எடுத்த ஆய்வில், தமிழ்நாட்டில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு ஏழு பேருக்கு. திட்டம் வந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, அடுத்த ஆய்வில் அது பதினேழானது. முன்னேற்றம்தான். விருது அந்தப் பதினேழுக்கு. மீதி எண்பத்து மூன்று பேருக்கு என்ன? அவர்கள் விருது வழங்கும் விழாவை டிவியில் பார்க்கலாம்.

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் ஒரு அப்பத்தா. தன்னார்வலர் பெண் பிரஷர் மெஷினைக் கையில் சுற்றுகிறார். அவருக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லக்கூடாது. ஊக்கத்தொகை. மாதம் 4,500 ரூபாயில் ஆரம்பித்தது. அந்தத் தொகையில் குடும்பம் நடத்துகிறவருக்கே பிரஷர் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

“அப்பத்தா, மாத்திரை தீந்துருச்சா?”

“அது கெடக்குது தாயி. எம்புட்டு காட்டுது?”

“நூத்தி அறுவது.”

“போன மாசமும் அதானே சொன்ன? ஏறல. அப்ப நல்லாத்தான் இருக்கேன்.”

“உப்பக் கொறச்சுக்கங்க அப்பத்தா.”

“உப்பில்லாம கஞ்சி எப்படித்தா எறங்கும்?”

இந்தக் கேள்விக்குச் செயலகத்தில் யாரிடமும் பதில் இல்லை. கஞ்சிக்கு மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு. வசதி இருந்தால் காய். காய்கறி, கீரை, பயறு, கடலையில்தான் பொட்டாசியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. தட்டில் காய் குறையக் குறைய உப்பு கூடும். ஏழையின் நாக்கில் ருசிக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு போதும் என்கிறது. அந்த ஐந்து கிராமைக் கருவாடு ஒன்றே முடித்துவைத்துவிடும்.

அரசாங்கத்துக்குக் கணக்கெடுப்பது ரொம்பப் பிடிக்கும். 1914இல் மதுரை வட்டாரத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் முதலில் பாய்ந்த ஊர்களில் கீழக்குயில்குடியும் ஒன்று. அன்று வெள்ளைக்காரன் விரல் ரேகையை எடுத்துக்கொண்டு போனான். இன்று நம்மவர்கள் பிரஷரை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நோக்கம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுத்துக்கொண்டு போன எண்ணுக்குப் பதிலாகத் தட்டில் என்ன மாறியது என்று கேட்டால், இரண்டு ஆட்சிக்கும் ஒரே மௌனம்.

அப்பத்தாவின் உப்புக் கேள்விக்குப் பதில் இல்லாமலும் இல்லை. சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரை வைத்து, ஐந்து ஆண்டு ஒரு சோதனை நடந்தது. பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்கள், மற்றவர்கள் பிரஷர் உள்ள முதியவர்கள். பாதிக் கிராமங்களுக்குச் சாதா உப்பு. பாதிக்கு, நாலில் ஒரு பங்கு சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பு. கஞ்சி அதே கஞ்சி. யாரையும் ‘உப்பைக் குறை’ என்று மிரட்டவில்லை. 2021இல் முடிவு வெளிவந்தது: பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, சாவு 12 சதவீதம் குறைவு. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இந்த உப்பைப் பரிந்துரைத்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் சில பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் ஆகாது. மற்றபடி பொடிமாஸிலும் ரசத்திலும் போட்டால் வித்தியாசம் தெரியாது.

அட, நமக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வருந்துகிறீர்களா? வேண்டாம். சீனாக்காரன் சொல்வதற்கு முன்பே நமக்குத் தெரியும். 2014 ஜூனில் ஜெயலலிதா ‘அம்மா உப்பு’ தொடங்கிவைத்தார். ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனம் தயாரித்தது. மூன்று வகை. சாதா அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய். இரும்புச் சத்தும் சேர்த்தது 14 ரூபாய். குறை சோடியம் உப்பு 21 ரூபாய். விலைப்பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். பிரஷரை ஏற்றும் உப்பு பத்து ரூபாய். இறக்கும் உப்பு இருபத்தொன்று. பிரஷர் உள்ள ஏழை எதை எடுப்பான் என்று கண்டுபிடிக்க ஆணையம் அமைக்க வேண்டுமா?

பிறகு ஆட்சி மாறியது. உப்புக்கும் கொள்கை மாறியது. அதாவது பெயர் மாறியது. 2022இல் ‘நெய்தல் உப்பு’ வந்தது. ஒன்று கல் உப்பு, இன்னொன்று தூள் உப்பு. அம்மா போய்த் திணை வந்தது. பாக்கெட்டின் மேல் என்ன எழுதுவது என்பதில் இரண்டு கழகங்களும் காட்டிய அக்கறையில் பாதியைப் பாக்கெட்டுக்கு உள்ளே காட்டியிருந்தால் போதும்.

தனியார் கடையில் கிடைக்குமே என்பீர்கள். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 300 கடைகளில் பார்த்து 2025இல் சொன்னது: குறை சோடியம் உப்பு சூப்பர் மார்க்கெட்டுகளில் பாதியில் இருக்கிறது, சின்ன மளிகைக் கடைகளில் நூற்றுக்கு நாலில் இருக்கிறது. விலை 100 கிராம் 5 ரூபாய் 60 காசு. சாதா உப்பு 2 ரூபாய் 70 காசு. இது சென்னைக் கதை. சமணர் மலை அடிவாரத்துப் பெட்டிக்கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை வேற்றூர் ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்.

அரிசிக்கு வருவோம். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலில் 100 கிராம் தீட்டாத அரிசியில் சுமார் 94 மில்லிகிராம் மெக்னீசியம். தீட்டிய பச்சரிசியில் சுமார் 19. மில்லில் போகும் தவிட்டோடு மெக்னீசியம் மாட்டுக்குப் போகிறது. மதுரை மாடுகள் ஆரோக்கியமாக இருப்பதை ஜல்லிக்கட்டில் பார்க்கிறோம். கேழ்வரகில் 146. 2023இல், உலக சிறுதானிய ஆண்டில், ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கே? நீலகிரி, தருமபுரி. இரண்டே மாவட்டம். மதுரைக்காரனுக்கு? மாநாடு. சிறுதானியத் திருவிழா. கம்பங்கூழைக் கையில் ஏந்தி ஆட்சியர் சிரிக்கும் படம்.

அப்புறம், சரக்கு. மது செய்யும் பல வேலைகளில் ஒன்று, சிறுநீரில் மெக்னீசியத்தை இறக்கிவிடுவது. இன்னொன்று பிரஷரை ஏற்றுவது. 2003 முதல் சில்லறை வியாபாரம் முழுக்க டாஸ்மாக் கையில். 2024-25இல் அது அரசுக்கு ஈட்டிக்கொடுத்தது 48,344 கோடி ரூபாய். அதே ஆண்டு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது சுமார் 20,000 கோடி. செல்லிலிருந்து உருவிய காசில் பாதிக்கும் குறைவாகச் செல்லைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார்கள். லாபகரமான தொழில். குவார்ட்டருக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்ப் பாக்கெட். அதில் உப்பு. எதையும் விட்டுவைக்கவில்லை, பாருங்கள்.

மாநிலத்தை மட்டும் திட்டினால் டெல்லிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியைக் குறைத்தார்கள். மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு 12 சதவீதம் 5 ஆனது. பாக்கெட் மிக்சர், காராச்சேவுக்கும் 12 சதவீதம் 5 ஆனது. ஒரே நாள். ஒரே விகிதம். சுகர் மாத்திரையான மெட்பார்மினும் மிக்சரும் ஒரே தராசில். இனிமேல் மிக்சரை மலிவாகத் தின்று, மெட்பார்மினை மலிவாக விழுங்கலாம். தீபாவளிப் பரிசு என்றே சொன்னார்கள்.

சரி, அந்த மிக்சர் பாக்கெட்டின் முகப்பில் ‘இதில் உப்பு அதிகம்’ என்று எழுதவாவது சொல்லலாமே? சொன்னார்கள். 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சிவப்புக் குறி போடலாம் என்று வரைவு வெளியிட்டது. கம்பெனிகள் முகம் சுளித்தன. சிவப்பு காணாமல் போனது. 2022இல் புதிய வரைவு: சிவப்பு வேண்டாம், நட்சத்திரம் கொடுப்போம். உப்பு மூட்டைக்கும் அரை நட்சத்திரமாவது உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்தில் முடிவு செய்யச் சொன்னது. ஜூலையில் இன்னும் மூன்று மாதம் வாங்கினார்கள். சிலி நாடு 2016லேயே எண்கோணக் கறுப்பு முத்திரையைப் பாக்கெட்டில் அறைந்துவிட்டது. அங்கே மிக்சர் கம்பெனிகள் இல்லையோ என்னவோ.

டாக்டர்களையும் விட்டுவைக்க மனமில்லை. பிரஷருக்குத் தரும் நீர் மாத்திரைகளில் சில, பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் அனுப்பிவிடும். கூடவே ஒரு கேஸ் மாத்திரை. எதற்கு? எதற்கும். தலைவலிக்குப் போனாலும் பான்டோபிரசோல் எழுதாத சீட்டு உண்டா? இந்த வகை மாத்திரையை ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2011இல் எச்சரித்தது. நம் ஊரில் பல வருடமாகத் தினம் ஒன்று போடுபவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு ஒருமுறையாவது மெக்னீசியம் பார்த்தார்கள்? கேட்டால், ‘நார்மலாத்தான் இருக்கும்’ என்பார்கள். பார்க்காமலே.

இந்த இடைவெளியில் யூடியூபில் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ‘உங்கள் பிரஷருக்கும் சுகருக்கும் காரணம் மெக்னீசியம்தான், டாக்டர்கள் மறைக்கிறார்கள்’ என்று ஆரம்பித்து, டப்பா விலையில் முடிக்கிறார்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை. நாற்பது ஆண்டாகப் புத்தகத்தில் இருக்கிறது. மெக்னீசியம் மாத்திரைச் சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2016இல் வந்த கணக்கில், தினம் 368 மில்லிகிராம் மூன்று மாதம் விழுங்கியதற்குப் பிரஷர் இறங்கியது இரண்டு புள்ளி. அப்பத்தாவின் நூற்றி அறுபது நூற்றி ஐம்பத்தெட்டாகும். அதற்கு ஆயிரம் ரூபாய் டப்பா. தட்டிலிருந்து இலவசமாகப் போனதைத் தவணையில் திருப்பி விற்கும் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். மாநில அரசு ஒரு பக்கம், மத்திய அரசு ஒரு பக்கம், மில்லுக்காரர் ஒரு பக்கம் என்று உருவியது போக மிச்சம் இருந்த காசு இவர்களுக்கு.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ரேஷனில் குறை சோடியம் உப்பைச் சாதா உப்பின் விலைக்குக் கொடுங்கள், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் வாங்க வேண்டாம் என்று பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டு. கேட்கிறவர்களுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கம்போ கேழ்வரகோ கொடுங்கள், மதுரையிலும். மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்குச் சம்பளம் என்று ஒன்றைக் கொடுங்கள். இதற்கு ஆகும் செலவு, இந்தத் திட்டங்களைத் தொடங்கிவைக்கும் விழாக்களின் பந்தல் செலவைவிட எவ்வளவு கூடுதல் என்று யாராவது சட்டமன்றத்தில் கேட்டால் புண்ணியமாகப் போகும்.

அதுவரை எய்ம்ஸ் இருக்கிறது. பக்கத்துத் தோப்பூரில்தான். 2015 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2019 ஜனவரியில் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். 2021 தேர்தலில் அதன் பேரில் ஒரு செங்கல் மேடை மேடையாக ஏறியது. 2022இல் மாணவர்கள் சேர்ந்தார்கள், ராமநாதபுரத்தில். 2024 மார்ச்சில்தான் கட்டட வேலை தொடங்கியது. முழுதாக முடிந்ததும் செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்கும் மெஷினும் அங்கே வரலாம். திறப்பு விழாவுக்குக் கீழக்குயில்குடியிலிருந்தும் வேன் வைத்து ஆள் கூட்டிப் போவார்கள். வெயிலில் காத்திருப்பவர்களுக்கு ஆளுக்கொரு மிக்சர் பாக்கெட் நிச்சயம். வரி 5 சதவீதம்தானே.